நான் வீட்டில் இல்லை

சத்தியம் செய்வதற்கு முன்னால் வாயில் இருப்பதை விழுங்கிவிட வேண்டும். நான் வாய் நிறையச் சாப்பாட்டோடு செய்தேன். அதனால் அது அரைகுறைச் சத்தியம்தான் என்று பிற்பாடு வாதாடிப் பார்த்தேன். என் மனைவியிடம் எடுபடவில்லை.

நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பிரிவில் மூத்த அதிகாரி. காரைக் கொண்டுபோய் மரத்தில் மோதிவிட்டு, "மரம்தான் சார் குறுக்கே வந்தது" என்று நஷ்ட ஈடு கேட்கிறவர்களை உட்கார வைத்து விசாரிப்பது என் வேலை. புளுகை மோப்பம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியதே நான்தான் என்று இன்னொரு பேச்சும் உண்டு.

வீட்டில் மூன்று பேர். நான், மனைவி, மகள். மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை, இரண்டு நாள் ஆபீஸ். இதற்கு ஹைப்ரிட் என்று பேராம். எனக்குத் தெரிந்து ஹைப்ரிட் என்றால் தக்காளி.

எனக்கு இது புரியவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அப்படி என்னதான் செய்கிறாள்? மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே பூப்போட்ட பைஜாமா. திடீரென்று தனியாகச் சிரிக்கிறாள். அப்புறம் நெடுநேரம் சத்தமே இல்லை. நான் லீவு போட்ட நாளில் இரண்டு தடவை சாவித் துவாரம் வழியாகப் பார்த்தேன். துவாரத்தில் சாவி இருந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன்.

"இன்னிக்கு என்னம்மா வேலை பார்த்தே?"

"ஒரு மீட்டிங் இருந்துச்சுப்பா. அப்புறம் டிசைன்."

"எங்கே உட்கார்ந்து?"

"ரூம்லதான்."

"ரூம்ல எங்கே?"

"…கட்டில்ல."

"கட்டில்ல பண்றதுக்குப் பேரு வேலை இல்லம்மா. தூக்கம்."

"உட்கார்ந்துதான்ப்பா பண்ணினேன். ஏன், நீங்க ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டே தூங்கறதில்லையா?"

மனைவிக்குப் புரை ஏறியது. சிரிப்பை மறைக்க வேண்டியிருந்தால் அவளுக்கு உடனே புரை ஏறும். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தா பாரு. ஷூ மாட்டணும். பஸ் ஏறணும். மேலதிகாரி மூஞ்சியைப் பார்த்து குட்மார்னிங் சொல்லணும். அதான் வேலை. பேசாம தினமும் போற மாதிரி வேற கம்பெனி பாரு. நான் மட்டும் என்னிக்காவது வீட்ல உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்தேன்னு வையி, அன்னிலேர்ந்து இந்த வீட்டு அடுப்படி என் பொறுப்பு! காலைக் காபியிலேர்ந்து ராத்திரிப் பாத்திரம் வரைக்கும்!"

மனைவி மெதுவாக நிமிர்ந்தாள். "என்னங்க, நிஜமாவா?"

"சத்தியமா!"

"ரிட்டயர் ஆனப்புறமும்?"

"ஆயுசுக்கும்!"

என் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். நான் கேட்காமலே வைத்தாள். க்ளெய்ம் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

அந்த வாரமே ஆபீஸில் இடி விழுந்தது. எங்கள் புது மேனேஜர் என் மகளைவிட நாலைந்து வயசு மூத்தவராக இருந்தால் அதிகம். எல்லாரையும் நிற்க வைத்துக்கொண்டு சந்தோஷமாக அறிவித்தார்.

"திங்கட்கிழமையிலேர்ந்து நாமளும் ஹைப்ரிட்! மூணு நாள் வீடு, ரெண்டு நாள் ஆபீஸ்!"

"என் மேசை?" என்றேன். அதன் இழுப்பறையில் என் கண்ணாடி துடைக்கும் துணியிலிருந்து மாற்றுச் செருப்பு வரை என் முழு வாழ்க்கையும் இருந்தது.

"இனிமே யாருக்கும் தனி மேசை கிடையாது சார். வர்ற அன்னிக்கு எது காலியா இருக்கோ அதுல உட்காரலாம்."

"பஸ் மாதிரியா?"

"கரெக்ட் சார்! பஸ் மாதிரி! சூப்பரா சொன்னீங்க!"

நான் திட்டினேன். அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கம்பெனி என்னென்னவோ வசதி செய்து தரப்போவதாக நீளமாகப் பேசினார். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. கண்ணுக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பாத்திரம் துலக்கும் தொட்டிதான் தெரிந்தது.

வீட்டில் மூச்சு விடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

திங்கட்கிழமை காலை வழக்கம் போல ஷூ மாட்டினேன். கம்பெனி கொடுத்த லேப்டாப் பையில். டிபன் பாக்ஸ் கையில். "ஆபீஸ் போய்ட்டு வரேன்" என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். தெருமுனை வரை ராஜநடை. அப்புறம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை.

முதலில் நூலகம் போனேன். அங்கே போன் பேசக்கூடாது. என் வேலையே போனில் பேசி ஆளை மடக்குவதுதான். "மரம் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?" என்று நான் கிசுகிசுப்பாகக் கேட்டதற்கே நூலகர் கண்ணாடிக்கு மேல் வழியாகப் பார்த்தார். நாலாவது தடவை பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்கு நகர்ந்தேன். அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சு. சாய்மானம் கிடையாது. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கூன் விழுந்து உட்கார்ந்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பதினோரு மணிக்கு ஊர் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை. லீவு நாள் பதினோரு மணி வேறு, வேலை நாள் பதினோரு மணி வேறு. பஸ்கள் காலியாக ஓடுகின்றன, டிரைவர் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டுகிறார். தபால்காரர் ஷூவைக் கழற்றிவிட்டு மரத்தடியில் விரல்களுக்குக் காற்று வாங்குகிறார். மாடிகளில் போர்வை உதறுகிறார்கள். நாய்கள்கூடத் தெரிந்தவர்கள் போல நின்று பேசிக்கொள்கின்றன. முப்பது வருஷமாக நான் இல்லாத நேரத்தில் இந்த ஊர் இப்படியா ஜாலியாக இருந்தது என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த நேரத்துக்கு என் மனைவி வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பாள்? கல்யாணமான நாளாக இந்தக் கேள்வி எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. ஏதாவது துவைத்துக்கொண்டிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தடபுடல் மரியாதை. மனைவி வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"பாரும்மா உங்கப்பாவை!" என்று மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள். "ஊரே வீட்ல உட்கார்ந்திருக்கு. இவர் ஒருத்தர்தான் தவறாம ஆபீஸ் போறார். மனுஷன்னா இவர் மனுஷன்!"

கேட்கக் கேட்க இனித்தது. ஆனால் இவ்வளவு புகழ்ந்த பிறகு எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது? பேச்சை மாற்ற மகள் அறையை எட்டிப் பார்த்தேன். மூலையில் மலை மாதிரி துணிக்குவியல்.

"என்னம்மா இது? பகல் பூரா வீட்ல இருக்கே, இந்தத் துணியை மடிச்சு வைக்கக்கூடாதா?"

மகள் அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள். "நாளைக்கு மடிக்கிறேன்ப்பா" என்றாள் மகள்.

வாரம் போகப் போக என் முதுகு போய்விட்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. தினமும் சாயங்காலம் மனைவிதான் தைலம் தேய்த்துவிட்டாள்.

"என்னங்க, ஆபீஸ் நாற்காலி சரியில்லையோ?"

"அதை ஏன் கேக்கறே. கல்லு மாதிரி இருக்கு."

"புதுசா ஒண்ணு கேட்டுப் பாருங்களேன்."

"நீ வேற. கஞ்சப் பசங்க. முக்காலிகூடத் தர மாட்டாங்க."

"அடப்பாவமே!" என்றாள். நல்ல வேளை, நான் குப்புறப் படுத்திருந்தேன். என் முகத்தை அவள் பார்க்க முடியவில்லை என்று நிம்மதிப்பட்டேன். அவள் முகத்தை நானும் பார்க்க முடியவில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பூங்கா நனைந்தது. வேறு வழியில்லாமல் கடைத்தெருவில் ஒரு காபிக் கடைக்குள் ஒதுங்கினேன். உள்ளே பார்த்தால் ஒரு முழு ஆபீஸே நடந்துகொண்டிருக்கிறது! மேசைக்கு மேசை லேப்டாப். எல்லாம் சின்ன வயசு. ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு அதை ஆற விட்டு ஆற விட்டு மத்தியானம் வரை ஓட்டுகிறார்கள். ஜன்னலோரம் ஒரு பெண் மட்டும் காதில் ஹெட்போனோடு திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில்தான் ஓர் இடம் காலியாக இருந்தது.

"இங்கே உட்காரலாமா?"

அவள் நிமிர்ந்தாள். என் மகள்.

இருவரும் ஒருத்தரையொருத்தர் கையும் களவுமாகப் பிடித்தோம்.

"அப்பா! ஆபீஸ் போகலையா?"

"நீ… வீட்ல இல்லையா?"

"முதல்ல நான்தான் கேட்டேன்."

முதுகு வலிக்கிறவனால் புளுக முடியாது. உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். மேசை போனது, சத்தியம், பெஞ்சு, நூலகர். அவள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன்.

"சரி, நீ ஏன் இங்கே?"

"அம்மா வெளிய அனுப்பிட்டாங்கப்பா. இப்ப ரெண்டு வாரமா. நீங்க கிளம்பினதும் என்னையும் கிளப்பிடறாங்க. பகல்ல வீடு அவங்களுக்கு வேணுமாம்."

"எதுக்கு?"

"தெரியல. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு கண்டிஷன்."

எனக்கு விசாரணை புத்தி விழித்துக்கொண்டது. ஆனால் அதற்குள் அவள் திரை கண்ணில் பட்டது. இத்தனை நாள் சாவித் துவாரத்தில் தெரியாதது.

"இதுதான் உன் வேலையா? என்னம்மா இது?"

"ஆஸ்பத்திரிக்கு முன்னாடியே டோக்கன் போடற ஆப் இதுப்பா. வயசானவங்க எங்கே தப்பா அமுக்கறாங்கன்னு பார்த்து மாத்தறேன். நீங்க ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

நான் கண் டாக்டருக்கு டோக்கன் போட்டேன். பிரசவ வார்டில் படுக்கை கிடைத்தது.

"அதை எதுக்குப்பா அமுக்கினீங்க?" என்று ஆவலாகக் கேட்டாள்.

"பச்சையா, பெருசா இருந்துச்சு. அமுக்கினேன்."

"அப்பா, நீங்க தங்கம்!" என்று அவசர அவசரமாக எதையோ மாற்றினாள். அரை மணி நேரம் நான் தப்புத் தப்பாக அமுக்கினேன், அவள் ஒவ்வொன்றையும் சரி செய்தாள். அவள் அந்தத் திரையில் காட்டிய கவனத்தில் பாதியை நான் க்ளெய்ம்களில் காட்டியிருந்தால் எத்தனையோ மரங்கள் பழியிலிருந்து தப்பித்திருக்கும். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

"இவ்வளவு வேலை வீட்லேர்ந்தே நடக்கும்னா, ஆபீஸை ஏம்மா கட்டி அழறே? மூணு நாளை அஞ்சு நாளாக்கிக்கோயேன்" என்றேன். இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

"ஐயோ வேண்டாம்ப்பா. அந்த ரெண்டு நாளுக்காகத்தான் நான் காத்துக்கிட்டே இருப்பேன். நீங்க வேலைக்குச் சேர்ந்தப்ப யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"பக்கத்து மேசைக்காரர்கிட்ட."

"வீட்ல எனக்குப் பக்கத்து மேசையே இல்லையே. ஏதாவது சந்தேகம்னா கட்டிலையா கேக்கறது?"

அட, இந்தக் காலத்துப் பெண்ணுக்கு ஆபீஸ் வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்து எனக்கோ காபிக் கடை பிடித்துவிட்டது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் லேப்டாப் அலறியது. வீடியோவில் மேனேஜர்.

"குட்மார்னிங் சார்! வீட்லேர்ந்து எப்படிப் போகுது?"

"பிரமாதமா போகுது."

"ரெண்டு காபி, ஒரு டீ!" என்று பின்னால் கடைக்காரர் கத்தினார்.

"வீட்ல விருந்தாளிங்களா சார்?"

"ஆமா, கொஞ்சம் பெரிய குடும்பம்."

"சந்தோஷம். ஒரே ஒரு விஷயம்தான். கம்பெனி அனுப்பின நாற்காலி வசதியா இருக்கா?"

"எந்த நாற்காலி?"

"அதான் சார், போன திங்கட்கிழமையே வீட்டுக்கு வந்துச்சே. சுத்தற நாற்காலி, முதுகுக்கு மெத்தை, கழுத்துக்குத் தலையணை. மேடம்தான் வாங்கிக்கிட்டாங்க. சேர்ந்துச்சான்னு நான் போன் பண்ணினப்ப எவ்வளவு அன்பாப் பேசினாங்க! 'அவர் அதுல உட்கார்ந்தா எழுந்திருக்கவே மாட்டேங்கறார்'னு சொன்னாங்க."

படம் அணைந்ததும் மகளைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அது… அம்மா வாங்கின நாற்காலி இல்லையாப்பா? சாயங்காலம் நீங்க வர்றதுக்கு முன்னாடி என் ரூமுக்குத் தள்ளிட்டு வந்து மேல துணியைப் போட்டுடுவாங்க."

துணிக்குவியல்! மோப்பம் பிடிக்கிற மூக்கு என்று நான் சொல்லிக்கொள்ளும் மூக்கை அந்தக் குவியலுக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன்!

முதுகையும் பொருட்படுத்தாமல் மழையில் வீட்டுக்கு ஓடினேன். மகள் பின்னால் குடையோடு. சத்தமில்லாமல் பின்வாசல் வழியாக நுழைந்து கூடத்தை எட்டிப் பார்த்தேன்.

ஜன்னலோரத்தில் நாற்காலி. நாற்காலியில் என் மனைவி. கால் இரண்டும் முக்காலி மேல். கழுத்துக்கடியில் தலையணை. கையில் போன். லேசாக இந்தப் பக்கம் சுற்றுகிறாள், அந்தப் பக்கம் சுற்றுகிறாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"ஈரக் காலோட வராதீங்க" என்றாள் திரும்பாமலே. "துடைச்சிட்டு வாங்க. இதோ, குதிரையை வெச்சு ராஜாவை மடக்கிட்டு வரேன்."

"என்ன பண்றே நீ?"

"சதுரங்கம்."

"யாரோட?"

"யாரோ. எந்த ஊர்னு தெரியாது. அவங்களுக்கும் இந்நேரத்துக்கு வீட்ல ஆள் இல்ல போலிருக்கு."

"நீ சதுரங்கம் ஆடுவியா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து. நீங்க கேட்டதில்லையே."

எனக்குச் சுருக்கென்றது. காலைத் துடைத்துக்கொண்டே, "உனக்கு முதல் நாளே தெரியுமா?" என்றேன்.

"நாற்காலி வந்த அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கலை?"

"கேட்டா வீட்லயே உட்கார்ந்துடுவீங்களே! அப்புறம் 'ஏம்மா காபி, ஏம்மா என் கண்ணாடி எங்கே, ஏம்மா ஃபேனைப் போடு'. நீங்க ஆபீஸ் போற நேரம்தாங்க எனக்கு ஆபீஸ் விடற நேரம். அதையும் பிடுங்கிக்கிட்டா நான் எங்கே போவேன்?"

மகள் பக்கம் பார்த்தேன். அவள் அம்மா பக்கம் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கடைசியாக க்ளெய்ம் அதிகாரியின் அஸ்திரத்தை எடுத்தேன்.

"சரி, சத்தியத்துக்கு வருவோம். வீட்ல உட்கார்ந்து வேலை பார்த்தாத்தானே அடுப்படி? நான் ஒரு நாள்கூட வீட்ல பார்க்கலையே! பார்க்குல பார்த்தேன். நூலகத்துல பார்த்தேன். அதோட அன்னிக்கு வாயில வேற சாப்பாடு இருந்துச்சு. சத்தியம் செல்லாது!"

"நியாயம்தான்" என்றாள் மனைவி. எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. "செல்லாதுன்னே வெச்சுக்குவோம். அப்ப நாளைக்கும் அந்தப் பார்க் பெஞ்சுக்கே போங்க. மழை நின்னுடும்."

முதுகு உள்ளேயிருந்து ஒரு சுண்டு சுண்டியது. பெஞ்சை நினைத்தேன். நாற்காலியைப் பார்த்தேன்.

"சத்தியம் செல்லும்" என்றேன்.

"அப்ப கண்டிஷனைக் கேட்டுக்குங்க" என்று நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். எல்லாம் தயாராக வைத்திருந்தாள். எத்தனை நகர்த்தலுக்கு முன்னாலேயே யோசித்தாளோ!

இப்போது எங்கள் வீட்டு நடைமுறை இதுதான். காலையில் சமையலை முடித்து எல்லாருக்கும் காபி கொடுத்துவிட்டு, ஷூ மாட்டி, பையோடு வாசல் வழியாக ஆபீஸ் கிளம்புகிறேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக நுழைந்து சாமான் அறையில் உட்கார்கிறேன். மகளின் பள்ளிக்கூடக் காலத்து நாற்காலி, ஒரு பழைய வாளி, நான். சாயங்காலம் ஆறு மணி வரை நான் வீட்டில் இல்லை. கூப்பிடக் கூடாது, கேட்கக் கூடாது, நடமாடக் கூடாது. மகளுக்கும் அவள் அறையில் இதே சட்டம். ஆனால் அவளுக்கு இரண்டு நாள் விடுதலை, ஆபீஸ் போகிறாள். நானும் அந்த இரண்டு நாளுக்காகத்தான் காத்துக் கிடக்கிறேன்.

கம்பெனி நாற்காலி ஜன்னலோரத்திலேயே இருக்கிறது. முதுகு வலிக்கு அதைக் கேட்டேன். ஆறு மணிக்கு மேல் தரலாம் என்றாள். ஆறு மணிக்கு மேல் நான் அடுப்படியில் நிற்கிறேன், அங்கே நாற்காலிக்கு வேலை இல்லை.

நேற்று மத்தியானம் எதிர்வீட்டு அம்மா வந்தார். சாமான் அறைக் கதவிடுக்கு வழியாக எல்லாம் கேட்டது.

"உங்க வீட்டுக்காரர் இருக்காரா? எங்க அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தணும்."

"அவரா? ஆபீஸ்ல இருக்காரே."

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு தும்மல் வந்துவிட்டது.

"உள்ளே யாரோ தும்மின மாதிரி இருந்துச்சே?"

"அதுவா? அவர் ஆபீஸ்ல ஒரே தூசி" என்றாள் என் மனைவி, நாற்காலி மெல்லச் சுழலும் சத்தத்தோடு. "ஆறு மணிக்கு வந்துடுவார். வந்ததும் முதல் வேலையா காபி போடுவார். நீங்களும் வந்து ஒரு வாய் குடிச்சிட்டு, அப்படியே அலமாரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."